ஆல்பர்ட் நினைவுச் சின்னம் கல்லறை அல்ல

'லண்டனின் தாஜ்மகால்: கணவர் ஆல்பர்ட்டை விக்டோரியா மகாராணி புதைத்த இடம். மேலே இருப்பது சொக்கத் தங்கச் சிலை' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மை. கென்சிங்டன் தோட்டத்தில் இருக்கும் ஆல்பர்ட் நினைவுச் சின்னம்தான் அது. செய்தி தவறு.

அங்கே யாரையும் புதைக்கவில்லை. 1861 டிசம்பர் 14-ல் வின்ட்சர் கோட்டையில் இறந்த ஆல்பர்ட்டின் உடல், அடுத்த ஆண்டு வின்ட்சருக்குப் பக்கத்தில் ஃபிராக்மோரில் கட்டிய சமாதிக்குப் போனது. 1901-ல் விக்டோரியாவையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். தாஜ்மகாலோடு ஒப்பிட வேண்டுமென்றால் அந்தச் சமாதியைச் சொல்லலாம்.

சரி, தங்கம்? சிலை வெண்கலம். மேலே ஒட்டியிருப்பது தங்க ரேக்கு. அதுவும் பல பத்தாண்டுகள் இல்லாமல் சிலை கறுப்பாகவே இருந்தது. 1998-ல் முடிந்த சீரமைப்பில்தான் மறுபடி பளபளத்தது. செலவும் ராணியின் சொந்தப் பணம் மட்டுமல்ல. பொதுமக்கள் நன்கொடை தந்தார்கள், நாடாளுமன்றமும் பணம் ஒதுக்கியது.

நேரில் போகிறவர்கள் ஆல்பர்ட்டின் கையைக் கவனியுங்கள். அவர் பிடித்திருப்பது வேதப் புத்தகம் அல்ல, அவர் முன்னின்று நடத்திய 1851 மாபெரும் கண்காட்சியின் பட்டியல் நூல். அப்புறம் ஆசியாவைக் குறிக்கும் மூலைக்குப் போங்கள். மண்டியிட்ட யானைமேல் ஒரு பெண், பக்கத்தில் ஒரு இந்திய வீரன். எனக்கு அந்தப் பொன் சிலையைவிட இந்த யானைதான் அழகு. அதன் நெற்றிச் சுருக்கம்வரை செதுக்கியிருக்கிறார்கள்.