ஸ்டாண்டர்ட் எங்கே வேண்டும்?
கேமிங் கம்ப்யூட்டருக்கும் கன்சோல் (பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டி) போல ஒரே ஸ்பெக், அதாவது ஒரே மாதிரி உள்பாகங்கள் வேண்டும், நாமே அசெம்பிள் செய்வது வீண் வேலை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி.

2015-ல் வால்வ் என்ற கேம் நிறுவனத்தின் ஸ்டீம் மெஷின் என்ற கேமிங் கம்ப்யூட்டர் வந்தபோது பல கம்பெனிகள் ஆளுக்கொரு ஸ்பெக், ஆளுக்கொரு விலை என்று பெட்டிகளை இறக்கின. எதை வாங்குவது என்ற குழப்பம் தீரவே இல்லை. அதே வால்வ் 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கம்ப்யூட்டரை ஒரே சிப், 16 ஜிபி ராம், 1280×800 திரை என்று கொண்டுவந்தது. கேம் உருவாக்குகிறவர்களுக்கு ஒரு தெளிவான இலக்கு கிடைத்தது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அசெம்பிள் செய்வதே ஸ்டாண்டர்டை நம்பித்தான் நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவால்தான் ஒரு கம்பெனி மதர்போர்டு இன்னொரு கம்பெனி கேபினெட்டில் ஸ்க்ரூ துளை பிசகாமல் உட்காருகிறது. அதை மீறுவது பெரும்பாலும் ரெடிமேட் கம்பெனிகள்தான்! தம்பிக்கு வாங்கிய பிராண்டட் டவரில் கிராபிக்ஸ் கார்டு மாற்றலாம் என்று கழற்றினோம். மதர்போர்டில் மின்சாரம் வரும் வழக்கமான 24 பின் சாக்கெட்டே இல்லை, அவர்களுக்கென்றே ஒரு சின்ன கனெக்டர். புதுக் கார்டுக்கு வேண்டிய 8 பின் ஒயரும் கிடையாது. கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) அதில் நேரடியாகச் சேராது. ப்ராசஸரும் ராமும் நன்றாக இருந்தும் மொத்த சிஸ்டத்தையும் மாற்றச் சொன்னால் எப்படி?

கட்டாயமாக்குவதென்றால் முதலில் இந்தக் கனெக்டர்களைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை ரெடிமேட் வாங்குகிறவர்கள் பில் போடும் முன் பக்கத் தட்டைக் கழற்றச் சொல்லி எஸ்எம்பிஎஸ் ஒயரைப் பார்த்துவிடுங்கள்.