ஒபிஸ்க் கணவாயில் ஒரே அணியின் இரண்டு வெற்றிகள்

2007 ஜூலை 25 அன்று, பிரனீஸ் மலைத்தொடரின் ஒபிஸ்க் கணவாய் உச்சியில், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை அணிந்த டென்மார்க் வீரர் மைக்கேல் ராஸ்முசென் முதல் ஆளாக வெற்றிக் கோட்டைத் தாண்டினார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பாரிஸைச் சென்றடைய நான்கே நாட்கள் இருந்தன. ஆனால் அன்றிரவே அவருடைய சொந்த அணி அவரைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றியது. ஊக்கமருந்துச் சோதனைக்காக வீரர்கள் தாங்கள் இருக்குமிடத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் மெக்சிகோவில் இருந்ததாகச் சொல்லியிருந்த ராஸ்முசென், அதே நாட்களில் இத்தாலியின் டோலமைட் மலைகளில் பயிற்சி செய்துகொண்டிருந்ததை ஒரு முன்னாள் வீரர் பார்த்துவிட்டிருந்தார்.

அந்த அணியின் பெயர் அன்று ராபோபாங்க். இன்று நாம் விஸ்மா-லீஸ் எ பைக் என்று அழைக்கும் நெதர்லாந்து அணியும் அதுதான். சைக்கிள் பந்தயத்தை ஆர்வமாகப் பின்தொடரும் நண்பர்கள் பலரும் இவற்றை இரண்டு வெவ்வேறு அணிகளாகவே பேசுகிறார்கள். 2012 வரை இருந்தது கறைபடிந்த பழைய அணி, அதன்பின் பிறந்தது தூய்மையான புதிய அணி என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதே என் கருத்து.

பெயர் மாற்றத்தை வைத்து ஓர் அணியின் பிறப்பையும் இறப்பையும் முடிவு செய்ய முடியாத விளையாட்டு இது. கால்பந்துக் கழகத்துக்கு ஓர் ஊர், ஓர் அரங்கம், நுழைவுச்சீட்டு வருமானம் எல்லாம் உண்டு. சைக்கிள் பந்தயமோ பொதுச் சாலையில் நடக்கிறது. ஓரத்தில் நின்று பார்ப்பவர் யாரும் காசு கொடுப்பதில்லை. தொலைக்காட்சி உரிமைத் தொகை பந்தயத்தை நடத்துபவர்களுக்கே போகிறது. ஜெர்சியில் பெயரை எழுத இடம் கொடுத்து அதற்குக் கிடைக்கும் பணத்தில்தான் அணி வாழ்கிறது. பீட்டர் போஸ்ட் நிர்வகித்த புகழ்பெற்ற டிஐ-ராலே அணி பிரிந்தபோது, 1984-இல் அதன் வீரர் யான் ராஸைச் சுற்றி உருவான குவான்டம் அணியே இந்த மரத்தின் வேர். யோப் சூட்டமெல்க் 1985-இல் தம்முடைய 38-ஆவது வயதில் உலகச் சாம்பியன் ஆனது அந்த அணியில் இருந்தபோதுதான். அதன்பின் சூப்பர்கான்ஃபெக்ஸ், பக்லர், வேர்ட்பெர்ஃபெக்ட், நாவல் என்று துணிக்கடை, ஆல்கஹால் இல்லாத பீர், கணினி மென்பொருள் எனப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன.

1996-இல் ராபோபாங்க் வந்தபோது அணிக்கு முதன்முறையாக நிலையான வீடு கிடைத்தது. 17 பருவங்கள் அந்த வங்கி உடனிருந்தது. எரிக் டெக்கர் 2000-ஆம் ஆண்டு டூரில் 3 கட்டங்களை, அதாவது மூன்று நாள் ஓட்டங்களை, வென்றார்; ஆஸ்கர் ஃப்ரெய்ரே மூன்று முறை மிலான்-சான் ரெமோ ஒருநாள் பந்தயத்தை வென்றார்; டெனிஸ் மென்ஷோவ் 2009-இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவைக் கைப்பற்றினார். ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கிய அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் குறித்த அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளிவந்த சில நாட்களில், 2012 அக்டோபர் 19 அன்று, தொழில்முறைப் பந்தயம் தூய்மையாகும் என்ற நம்பிக்கை போய்விட்டதாகக் கூறி வங்கி விலகியது. அடுத்த ஆண்டே ராஸ்முசெனும், அணியின் செல்லப்பிள்ளையான மைக்கேல் போகர்டும் பல ஆண்டுகள் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள்.

வங்கியின் முடிவு நேர்மையானது என்று அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அமெச்சூர் பந்தயங்களுக்கான ஆதரவை அது தொடர்ந்தது என்பதும், ஒப்பந்தப்படி பணத்தைக் கொடுத்தது என்பதும் உண்மைதான். ஆனால் 2007-இல் மஞ்சள் ஜெர்சியே பறிபோனபோதும் நின்ற ஒரு நிறுவனம், எல்லாம் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கிய நேரத்தில் பெயரை அழித்துக்கொண்டு சென்றது. முந்தைய தலைமுறையின் பொய்க்கு அடுத்த தலைமுறை விலை கொடுத்தது. 2013-இல் அந்த இளைஞர்கள் போட்டுக்கொண்ட ஜெர்சியின் பெயர் பிளாங்கோ. வெற்றிடம் என்றே அதற்குப் பொருள்.

ஆண்டின் நடுவில் பெல்கின் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது. 2014 முடிவில் போய்விட்டது. பின்னர் தேசிய லாட்டரியும் ஜம்போ பல்பொருள் அங்காடியும் சேர்ந்து தாங்கின. 2015 பருவத்தின் வெற்றிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த ஆண்டு, பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்து சைக்கிளுக்கு மாறிய பிரிமோஷ் ரோக்லிச் அணிக்கு வந்து சேர்ந்தார். அதன்பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 2020 செப்டம்பர் 19 அன்று, டூரின் கடைசிக்கு முந்தைய நாளில், ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் கட்டத்தில் 57 விநாடி முன்னிலையோடு கிளம்பிய ரோக்லிச், தலைக்கவசம் கோணலாக நெற்றிக்கு மேலே ஏறிக்கிடக்க, கடைசி ஏற்றத்தில் தடுமாறி வந்ததையும், முடிவில் 59 விநாடி பின்தங்கி டாடே பொகாச்சரிடம் மஞ்சள் ஜெர்சியை இழந்ததையும் பார்த்தவர்களால் மறக்க முடியாது. அணியின் யோனாஸ் விங்கெகோ 2022-இலும் 2023-இலும் டூரை வென்றார். 2023-இல் ரோக்லிச் ஜிரோவையும் அணியின் செப் குஸ் ஸ்பெயினின் வுவெல்டாவையும் வெல்ல, ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற முதல் அணி என்ற பெருமை கிடைத்தது. அதே இலையுதிர் காலத்தில், ஜம்போ விலகவிருந்த நிலையில், போட்டி அணியான சூடால் குயிக்-ஸ்டெப்போடு இணைவதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. உலகின் தலைசிறந்த அணிக்கே அதுதான் நிலைமை.

இந்த நெடுங்கதையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ரோபெர்ட் கெசிங்க். 2007-இல், ராஸ்முசென் வெளியேற்றப்பட்ட அதே ஆண்டில், 20 வயது இளைஞராக ராபோபாங்கில் சேர்ந்தார். நெதர்லாந்தின் அடுத்த டூர் சாம்பியன் என்று அவரைச் சொன்னார்கள். தந்தையின் மரணம், விபத்துகள், 2014-இல் இதயத் துடிப்புக் கோளாறுக்கான சிகிச்சை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. அந்தப் பட்டம் வரவேயில்லை. அவர் அணி மாறாமல், பிறருக்காக மலைகளில் காற்றை முகத்தில் வாங்கி இழுத்துச் செல்லும் வேலையை ஏற்றுக்கொண்டார். 2023 வுவெல்டாவில் குஸ்ஸுக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 2024-இல் ஓய்வு பெற்றபோது, ஆறு பெயர்களில் 18 பருவங்களை ஒரே அணியில் முடித்திருந்தார். இவற்றை இரண்டு அணிகள் என்று சொல்பவர்கள், கெசிங்க் எந்த நாளில் ஓர் அணியை விட்டு இன்னொன்றில் சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

அவர் பெரும் பந்தயம் ஒன்றில் முதன்முறையாக ஒரு கட்டத்தை வென்றது 2016 வுவெல்டாவில். ஸ்பெயின் பந்தயம் அன்று எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குள் சென்று ஒரு கணவாயின் மேல் முடிந்தது. அது ஒபிஸ்க்.