பண்ணை மாளிகைகளின் மறுபக்கம்

மெக்சிகோவின் யுகடானில் பழைய பண்ணை மாளிகைகளில் தங்கியதை 'அரச வாழ்வு' என்று ஒரு பயணக் கட்டுரையாளர் வர்ணித்திருக்கிறார். அந்த மாளிகைகளை எழுப்பிய உழைப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அமெரிக்க வயல்களில் கதிர்க்கட்டுகளைக் கட்டும் கயிற்றுக்கு ஹெனெக்கென் என்னும் கற்றாழையின் நார் தேவைப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் யுகடானின் தலைநகர் மெரிடாவைச் சுற்றிய ஹசியெண்டாக்கள் என்னும் இந்தப் பெரும்பண்ணைகள் கொழித்தன. அங்கே உழைத்த, இப்பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்களில் பலருக்கு, பண்ணைக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் உலோக வில்லைகளே கூலியாகக் கிடைத்தன. கடன் தீராமல் அவர்கள் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தார்கள். மெக்சிகோவின் வடமேற்கிலுள்ள சொனோராவிலிருந்து யாக்கி பூர்வகுடி மக்களும் வலுக்கட்டாயமாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1937இல் மெக்சிகோ அதிபர் கார்தெனாஸ் பண்ணை நிலங்களை உழவர்களுக்குப் பங்கிட்டார். மாளிகைகள் பல பாழடைந்து, பின்னர் விடுதிகளாயின.

தங்குவதைக் குறைசொல்லவில்லை. உயர்ந்த கூரையும் தடித்த கற்சுவரும் தரும் குளிர்ச்சி, வலைத்தூளி மாட்டச் சுவரில் பதித்த கொக்கிகள், எல்லாமே அருமைதான். ஆனால் விடுதியின் நீச்சல் குளத்தோடு திரும்பிவிடாமல், பழைய மாயா நகரமான உஷ்மலுக்குச் செல்லும் வழியில் அருங்காட்சியகமாக இருக்கும் யாஷ்கோபொயில் பண்ணையையும், கோவேறு கழுதை இழுக்கும் வண்டியில் தண்டவாளத்தின் மேல் அழைத்துச் சென்று நார் உரிப்பதைக் காட்டும் சொதுதா தே பெயோன் பண்ணையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.