அந்த 500 மணி நேரத்தை வெறும் கையெழுத்தாக்கிவிடாதீர்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் உறவினர் ஒருவர், தம் மகளை டி.பார்ம் என்னும் மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ப்பது பற்றிக் கேட்பதற்காக அழைத்தார். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "தினமும் வரச்சொல்லி நெருக்காத காலேஜா இருந்தா நல்லதும்மா. சர்டிபிகேட் கைக்கு வந்தாப் போதும், கடையை அவ அண்ணன் பாத்துக்குவான்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பைத் தேடிக்கொடுப்பதாகவே நினைத்துத்தான் கேட்டார். ஆனால் பதினான்கு ஆண்டுகளாக அரசு மருத்துவமனையின் மருந்து வழங்குமிடத்தில் நிற்கிற எனக்கு அந்தச் சொற்கள் இன்னும் ஆறவில்லை. அவருக்குச் சொன்ன பதிலை, இந்த ஆண்டு பார்மசி படிப்பில் சேரவிருக்கும் எல்லோருக்குமாகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

படிப்பின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். டி.பார்ம் இரண்டு ஆண்டு, பட்டப்படிப்பான பி.பார்ம் நான்கு ஆண்டு, முனைவர் நிலைப் படிப்பான பார்ம்.டி பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஆறு ஆண்டு. டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நானும் அந்த வழியில் வந்தவள்தான். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்தவர்கள் மட்டுமல்லாமல் கணிதம் படித்தவர்களும் சேரலாம் என்பதை ஏனோ பள்ளிகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் பேச வந்தது இவற்றைப் பற்றியன்று. டி.பார்ம் படிப்பில் தேர்வெல்லாம் முடிந்த பிறகு, குறைந்தது மூன்று மாதங்களில் பரவிய 500 மணி நேர நேரடிப் பயிற்சி ஒன்று உண்டு. அதில் 250 மணி நேரத்துக்குக் குறையாமல், மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலேயே செலவிட வேண்டும் என்பது விதி. இந்தப் பயிற்சி முடிந்தால்தான் மாநில பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள முடியும். என் பார்வையில் படிப்பின் உயிர் இந்த 500 மணி நேரத்தில்தான் இருக்கிறது. மற்றவை எல்லாம் அதற்கான ஆயத்தம். அந்த உயிரைத்தான் பல இடங்களில் ஒரு படிவத்தில் வாங்கும் கையெழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். என் வகுப்பிலேயே பலர் ஒரு நாள்கூட மருத்துவமனைப் படியேறாமல், கல்லூரி மூலமாகவே படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டார்கள். "எதுக்கு வெயில்ல அலையற?" என்று என்னிடம் அனுதாபத்தோடு கேட்டார்கள்.

நான் அலைந்தேன். வட்டார அரசு மருத்துவமனை ஒன்றில் எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த மருந்தாளுநரை நாங்கள் 'சார்' என்றே அழைப்போம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டி வரிசையில் வந்தார். ஒவ்வொரு முறையும் சர்க்கரை 300-க்கு மேலேயே இருந்ததால் மருத்துவர் அளவை உயர்த்தி, காலை 20 யூனிட் என்று எழுதியிருந்தார். நான் சீட்டைப் படித்து, சரியான இன்சுலின் குப்பியைத்தான் எடுத்து நீட்டினேன். சார் என் கையைத் தடுத்து, "அம்மா, நீங்க போட்டுக்கிற சிரிஞ்சைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். பாட்டி மஞ்சப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அதன் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மகளின் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே கடையில் வாங்கியதாம்.

எங்கள் குப்பியில் இருந்தது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அந்த சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, நம் குப்பியிலிருந்து எடுக்கும்போது அது வெறும் 8 யூனிட். மருத்துவர் 20 எழுத, பாட்டியின் உடம்பில் 8 ஏறிக்கொண்டிருந்தது. சார் இரண்டு சிரிஞ்சுகளிலும் 20-ஆம் கோடு வரை தண்ணீரை இழுத்து என் கண்ணுக்கு நேரே அருகருகே பிடித்துக் காட்டினார். ஒன்றில் 0.5 மில்லி, மற்றொன்றில் அதில் பாதிகூட இல்லை. இதையே மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பாட்டி தூக்கத்திலேயே நினைவிழந்திருக்கக்கூடும்.

மருந்தியல் தாளில் இன்சுலின் வகைகளைப் பற்றிய கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். எந்த வகை எத்தனை நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். மூடியின் நிறத்தை மட்டும் அன்றைக்கு முன் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

கல்லூரி ஆய்வகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சர்க்கரைப் பாகு காய்ச்சினோம், கலமைன் லோஷன் செய்தோம், 'நன்கு குலுக்கிப் பயன்படுத்தவும்' என்று லேபிள் எழுதி ஒட்டினோம். ஆனால் குழந்தைக்கான ஆன்டிபயாட்டிக் தூள் குப்பியில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அம்புக்குறி வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் குறைந்த அளவை மறுபடியும் நிரப்ப வேண்டும் என்பதை, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அவருக்குப் புரிகிற சொற்களில் அரை நிமிடத்தில் சொல்லும் திறமை ஆய்வகத்தில் வருவதில்லை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்து உறுதி செய்துகொள்ளும் பழக்கமும் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்றால்தான் படியும்.

உறவினர் சொன்ன 'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்பதற்கு வருகிறேன். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்கிறது. சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ் யாரிடமும் சிரிஞ்சைக் காட்டச் சொல்லாது. தாம் கடையில் நிற்காமல் சான்றிதழை மட்டும் கடைக்காரருக்கு மாத வாடகைக்கு விடுவது இங்கே வெளிப்படையாகவே நடக்கிறது. விடுகிறவர்களில் என் தோழிகளும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. படித்தவளுக்கும் படிக்காத விற்பனையாளருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், இரவு பத்து மணி வரை நிற்க வேண்டிய வேலை, கைக்குழந்தை என்று எல்லாம் சேரும்போது, வீட்டிலிருந்தபடியே வரும் பணத்தை வேண்டாம் என்பது எளிதன்று. மருந்தாளுநருக்கு மதிப்பான ஊதியம் கொடுக்காத கடை முதலாளிகளுக்கும், இதைக் கண்டும் காணாமல் விடுகிற அதிகாரிகளுக்கும் இந்தப் பழியில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் அந்தக் கடைக்கு வரும் பாட்டிக்கு நம் காரணங்கள் எதுவும் தெரியாது.

2022-இல் டி.பார்ம் முடித்தவர்களுக்கென்று தனித் தகுதித் தேர்வுக்கான விதிகள் வந்தன. மூன்று தாள்கள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் பயிற்சிக்கே போகாதவரும் விடைகளை மனப்பாடம் செய்து அதில் தேறிவிட முடியும். ஆகவே என் யோசனை இது: பயிற்சிக் குறிப்பேட்டில் மருத்துவமனை மருந்தாளுநர் நாள்தோறும் கையெழுத்திட வேண்டும். கல்லூரி ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும். இறுதியில் ஐந்து உண்மையான சீட்டுகளைக் கொடுத்து, எதிரே நோயாளி நிற்பதாக எண்ணிப் பேசச் சொல்லி வாய்மொழியாகச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சொந்தக் கடை வைக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாக வையுங்கள். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்கு அரசு மானியத்தோடு வாய்ப்புக் கிடைத்தது. என் மாணவி ஒருத்தி அப்படித்தான் நடத்துகிறாள், காலையிலும் மாலையிலும் அவளே நிற்கிறாள்.

உறவினரிடம் கடைசியாக ஒன்றைச் சொன்னேன். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பு, பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள், அங்கே யார் மேற்பார்வை செய்கிறார், போன ஆண்டு போய்வந்த ஒரு மாணவியின் குறிப்பேட்டைக் காட்ட முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால், பெண்ணை அழைத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.