டீ தம்ளர் மேல் பழி போடாதீர்கள்

இரண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்கிற அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். முன்பல் ஃபில்லிங் மஞ்சளாகிவிட்டது என்று வந்த அம்மாவிடம் "ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்று கேட்டுவிட்டு டாக்டர் சிரிக்கிறார். கீழே எங்கள் துறைக்காரர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நானும் பல் டாக்டர்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

டீ கறை பிடிக்கும். யார் இல்லை என்றார்கள்? காபி, குழம்பு மஞ்சள், வெற்றிலை, சிகரெட் எல்லாமே பிடிக்கும். நாமே எழுதிக் கொடுக்கிற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கறை பிடிக்கும். அதை வீடியோவில் சொல்லவில்லை. ஒரே வாய், ஒரே டீ. ஒரு ஃபில்லிங் அப்படியே இருக்கிறது, பக்கத்துப் பல்லில் போட்டது பழுப்பாகிறது என்றால் டீயை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

பல் நிறத்தில் இந்த ஃபில்லிங் போடுகிற காம்போசிட் என்பது ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையும் கண்ணாடித் துகளும் கலந்தது. தண்ணீரை உறிஞ்சுவது ரெசின். அதோடு நிறமும் உள்ளே போகும். அதை இறுக வைக்கிற நீல லைட்டைப் போதுமான நேரம் காட்டாவிட்டால் ரெசின் முழுதாக இறுகாது, இன்னும் அதிகமாக உறிஞ்சும். காற்றுப் பட்ட மேற்படலமோ ஆக்சிஜனால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துப் பாலிஷ் செய்யாமல் அனுப்பியது அந்த அம்மாவா? லைட்டுக்கு வினைபுரியக் கலக்கிற அமீன் என்ற வேதிப்பொருள், நாளாக ஆக ஆக்சிஜனேற்றம் அடைந்து தானே மஞ்சளாகும். அதற்கு டீயே வேண்டாம். இதெல்லாம் பி.டி.எஸ்.ஸில் படித்துத்தானே பாஸானோம்? நிற மாற்றத்தை டெல்டா ஈ என்ற எண்ணால் அளப்பார்கள், அது 3.3ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்று 1987இல் வந்த ருய்ட்டர் குழுவின் கட்டுரையை வைத்து எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒரே டீயில் ஊறப்போட்டாலும் பாலிஷ் செய்த காம்போசிட் வட்டும் செய்யாத வட்டும் ஒரே அளவு மாறுவதில்லை.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். வேறு ஊரில் முன்பல்லை அடைத்துக்கொண்டார். மஞ்சளானதும் போய்க் கேட்டிருக்கிறார். "டீயை விடுங்கம்மா, நாங்க என்ன பண்றது" என்று அனுப்பிவிட்டார்கள். விட்டுவிட்டார். மாடு கறந்ததும் அடுப்பில் வைக்கிற சாயங்கால டீ, அவர் உட்கார்ந்து குடிக்கிற ஒரே டீ அது. மஞ்சள் போகவில்லை. கல்யாண ஃபோட்டோக்களில் முந்தானையால் வாயை மூடியபடி நிற்கிறார், சொந்த மகள் கல்யாணத்தில். பின்னால் நான் பார்த்தபோது ஃபில்லிங்கின் மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தது. டிஸ்க் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தேன். பெரும்பாலான மஞ்சள் அங்கேயே போய்விட்டது. "அப்போ டீ குடிக்கலாமாடி?" என்று பயந்து பயந்து கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதற்குத் துறைக்காரர்கள் சொல்கிற பதில்களுக்கு வருகிறேன். "பேஷண்ட்டுகள் பொய் சொல்வார்கள், சிகரெட்டை மறைப்பார்கள்." மறைக்கட்டும். பாலிஷ் செய்வதற்கு அது ஏன் தடை?

"வாங்குகிற ஃபீஸுக்கு இவ்வளவு நேரம் முடியுமா?" ஃபீஸ் குறைவுதான், நானும் அதில்தான் கிளினிக் வாடகை கட்டுகிறேன். அதற்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமில்லை.

"எந்தக் காம்போசிட்டும் ஆயுசுக்கும் நிறம் மாறாமல் நிற்காது." சரி. போடுவதற்கு முன்னால் சொன்னீர்களா? பல்லை ப்ளீச் செய்தால் ஃபில்லிங் வெளுக்காது, தனியாகத் தெரியும் என்றாவது சொன்னீர்களா? பஞ்சு வைத்துப் பல்லைக் காயவிட்ட பிறகு ஃபில்லிங்குக்கு ஷேட், அதாவது நிறம், பார்த்தால் பல் வெளுப்பாகத்தான் தெரியும். ஈரம் திரும்பியதும் ஃபில்லிங்கின் நிறம் பல்லோடு சேராமல் நிற்கும். அதற்கும் டீதானா?

"சொந்தத் துறையையே காட்டிக் கொடுக்கிறாள்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியவர்களுக்கு: கூடப் படித்தவர்களே இப்படி எழுதுவது வலிக்கிறது. வாயைத் திறந்து நம்மிடம் படுத்திருப்பவரால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. நம்மை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அவரைக் கேமரா முன்னால் நிறுத்திச் சிரிப்பதுதான் துறைக்குக் கேவலம். நான் இதை எழுதுவது கேவலம் இல்லை.

ஃபில்லிங் நிறம் மாறியவர்கள் கூச்சப்படாமல் போய் முதலில் பாலிஷ் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் நிறம் போகாவிட்டால் பல நேரம் மேற்பகுதியை மட்டும் எடுத்துப் புதிதாக வைக்கலாம். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் கசிவு இருக்கலாம், உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "டீயை விடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பாலிஷ் செய்தீர்களா டாக்டர் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.