மின்சாரக் கம்பெனி பி.இ. சார்ட்டில் சராசரிக் கோடு போடுபவர்களுக்கு

மின் விநியோகக் கம்பெனிப் பங்கு என்றதும் பலரும் பத்து வருஷ பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் எத்தனை மடங்கு) சார்ட்டைத் திறந்து நடுவே ஒரு சராசரிக் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் மலிவாம், மேலே இருந்தால் விலை அதிகமாம். மற்ற துறைகளுக்கே இது அரைகுறைக் கணக்கு. இந்தத் துறைக்குச் சுத்தமாக ஒத்துவராது.

கட்டணக் கட்டுப்பாடு உள்ள கம்பெனியில் லாபத்துக்கு அளவு வைப்பது ஒழுங்குமுறை ஆணையம். மின்மாற்றி, கம்பி, துணை மின்நிலையம் எல்லாம் சேர்த்து ஆணையம் ஏற்றுக்கொண்ட முதலீடு 1000 கோடி. பாதி கடன், பாதி பங்கு மூலதனம் என்று வையுங்கள். அந்த 500 கோடிக்கு 10 சதவீத வருமானம் அனுமதித்தால் லாபம் 50 கோடி. தலைகீழாக நின்றாலும் அதைத் தாண்டி ரொம்ப தூரம் போக முடியாது. சந்தை மதிப்பும் (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) 500 கோடி என்றால் பி.இ. 10, 1000 கோடி என்றால் 20. இப்போது ஆணையம் 10-ஐ 9 ஆக்குகிறது. லாபம் 45 கோடி. பங்கு விலை அசையவே இல்லை, பி.இ. மட்டும் 20-இலிருந்து 22.2. சார்ட்டை மட்டும் பார்ப்பவர் 'பங்கு சூடாகிவிட்டது' என்பார்!

அடுத்து, லாபத்தில் இருக்கும் குப்பை. கலிஃபோர்னியாவின் மின்சாரக் கம்பெனி பிஜி அண்ட் ஈ, காட்டுத்தீ இழப்பீட்டுப் பொறுப்பால் 2018-இல் சுமார் 685 கோடி டாலர் நஷ்டம் காட்டி, 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. நஷ்ட வருஷத்துக்குப் பி.இ. கிடையாது. பல தளங்கள் அந்த வருஷத்தை விட்டுவிட்டுச் சராசரி போடும். மோசமான வருஷமே நடக்காத மாதிரி இருக்கும். சொத்து விற்பனை, மதிப்புக் குறைப்பு, வரி விகித மாற்றத்தால் வந்த ஒருமுறைப் பதிவு மூன்றையும் ஆண்டறிக்கைக் குறிப்புகளில் தேடி, வரிக்குப் பிந்தைய தொகையாக நீக்குங்கள். ஒரு காலாண்டை நான்கால் பெருக்கவே கூடாது. குளிரும் வெயிலும் காலாண்டுக்குக் காலாண்டு லாபத்தை மாற்றும். கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டுங்கள்.

வட்டி விகிதத்தைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். அமெரிக்க 10 ஆண்டு அரசுப் பத்திர வருமானம் 1981-இல் 15 சதவீதத்தைத் தாண்டியது, 2020-இல் 1 சதவீதத்துக்கும் கீழே போனது, 2023 அக்டோபரில் 5-ஐத் தொட்டது. பி.இ. 20 என்றால் லாப வருமானம், அதாவது விலையில் லாபத்தின் பங்கு, 5 சதவீதம். பத்திரம் 1 சதவீதம் தரும்போது இடைவெளி 4, பத்திரம் 4.5 தந்தால் வெறும் அரை. இரண்டும் அதே 20தான். அதனால் நான் பி.இ.யைத் தலைகீழாக்கி, அதே தேதியின் பத்திர வருமானத்தைக் கழித்து, அந்த இடைவெளியைத்தான் சார்ட்டாகப் போடச் சொல்வேன்.

புதுப் பங்கு வெளியீட்டையும் பாருங்கள். லாபம் 7 சதவீதம் வளர்ந்து, பங்கு எண்ணிக்கை 3 சதவீதம் கூடினால் ஒரு பங்குக்கான லாப வளர்ச்சி 3.9தான். பி.இ. திடீரென்று சரிந்து 'மலிவாக' தெரிகிறதா? வாங்குவதற்கு முன் அடுத்த கட்டண உத்தரவு எப்போது வருகிறது, புது மூலதனம் எவ்வளவு திரட்டப் போகிறார்கள் என்று தேடுங்கள். சந்தை அதை உங்களுக்கு முன்பே படித்திருக்கும்.