கோதுமை இல்லை என்றால் போதுமா?

“கோதுமை இல்லைன்னு கவர்லயே போட்டிருக்கே, அப்புறம் என்ன, குடுங்க.” சீலியாக் நோய் உள்ள பிள்ளையை வளர்க்கும் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. என் மகளுக்கு அந்த நோய்: குளூட்டன் என்ற தானியப் புரதம் உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்கும். மிட்டாய்க் கவரின் பின்பக்கத்தைப் படிப்பது எனக்கு ஒரு தனி உத்தியோகமாகவே ஆகிவிட்டது. படித்துப் படித்துச் சேர்ந்த எரிச்சலைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

குளூட்டன் கோதுமையில் மட்டும் இல்லை, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உண்டு. மிட்டாய் விஷயத்தில் எனக்குக் கோதுமையைவிடப் பார்லியிடம்தான் பயம். கோதுமை பெரும்பாலும் வேஃபர், பிஸ்கட் துண்டு என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும். (லிக்கரிஸ் மிட்டாய் விதிவிலக்கு. அந்த ரப்பர் மாதிரி இழுவைக்குக் காரணமே பெரும்பாலும் கோதுமை மாவுதான். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.) பார்லியோ முளைகட்டி உலர்த்திய மால்ட்டாகி, மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் சிரப் என்று வேறு பெயரில் வரும். சாக்லேட்டுக்குள் மொறுமொறுவென்று அரிசிப் பொரி இருக்கிறதே, அரிசிதானே என்று நம்பிவிடுவோம். அந்தப் பொரிக்கு வாசனை ஏற்றப் பல இடங்களில் சேர்ப்பது பார்லி மால்ட்.

இதில் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு ஒவ்வாமைச் சட்டப்படி கோதுமையைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். பார்லியும் ரையும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவின் 2020 விதிகளிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மிட்டாய் கடல் தாண்டி வருகிற காலத்தில், கவர் எந்த நாட்டுச் சட்டத்துக்காக அச்சானது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்லி என்று ஒரு சொல் கூடுதலாக அச்சடிக்க எந்தக் கம்பெனிக்கும் சொத்து அழிந்துவிடாது. எல்லா நாடுகளும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பயத்தைக் கிளப்பும் வாட்ஸ்அப் பட்டியல்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டிட்டால், குளுக்கோஸ் சிரப் எல்லாம் விஷம் என்று ஃபார்வர்டு செய்கிறார்கள். பெயர் மால்ட் என்று தொடங்கினால் மால்ட் ஆகிவிடாது. கோதுமை மாவுச்சத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ் சிரப்பில்கூடச் சுத்திகரிப்பில் புரதம் ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே கொஞ்சம், அதையும் வெறும் பீதியில் பிடுங்க வேண்டுமா?

“ஒரு மிட்டாய்ல என்ன ஆயிடப்போகுது?” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே சீலியாக் உள்ளவர்களின் குடல் சுவர் பாதிக்கப்படுவதாக 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு ரொட்டித் துண்டிலேயே கிராம் கணக்கில் இருக்கும். 50 மில்லிகிராம் என்றால் அதன் துணுக்குதான். வயிறு வலிக்கவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது.

குளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. அதாவது 50 கிராம் சாக்லேட்டில் அதிகபட்சம் ஒரே ஒரு மில்லிகிராம். அந்த வாசகத்தை நான் நம்புகிறேன். ‘கோதுமை இல்லை’ என்பதை நம்புவதில்லை. ‘குளூட்டன் கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை இல்லாததையும் சான்றிதழாக எடுப்பதில்லை, ஏனென்றால் பல நாடுகளில் அதைப் போடுவது கம்பெனியின் இஷ்டம். அதே பிராண்டின் குட்டி சைஸும் பண்டிகைக் கால வடிவமும் வேறு ஆலையிலிருந்து வந்திருக்கலாம். பழகிய மிட்டாய்தானே என்று விடாமல் ஒவ்வொரு முறையும் படிக்கிறேன்.

பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் பெரிய பையில்தான் இருக்கும், உள்ளே தனித்தனியாகச் சுற்றிய காகிதத்தில் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தப் பையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மிட்டாயைத் தட்டில் கொட்டி நீட்டினால் என் மகளால் எடுக்க முடியாது. பையைத் தூக்கிப் போடும் முன் அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.